எதை முதலில் ஆராய்வது? நாட்டு மருந்துகளும் ஒரு நாட்டின் ஆய்வுத் திட்டமும்

ஆம்பூர்க் கடைத்தெருவில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குச் சென்று கடுக்காய் கேட்டுப் பாருங்கள். பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். அதே கடுக்காய் இப்பகுதித் தோல் தொழிற்சாலைகளுக்கு ஒரு காலத்தில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. ஆவாரம்பட்டையும் அப்படியே. ஆவாரையைப் பற்றிய பழமொழியை அறியாத தமிழர் இல்லை. அதன் பூவை நீரிழிவுக்காரர்கள் கஷாயமாக்கிக் குடிக்கிறார்கள். அதன் பட்டையில்தான் பாலாற்றங்கரைத் தோல்கள் தலைமுறை தலைமுறையாகப் பதப்பட்டன. ஒரே பொருள் தொழிற்சாலைக்குள்ளும் மருந்துக் கடைக்குள்ளும் எப்படி நுழைந்தது?

விடையை உங்கள் நாக்கே சொல்லும். கடுக்காய்த் துண்டு ஒன்றை வாயில் போட்டு மெல்லுங்கள். நாக்கு வறண்டு இழுத்துக்கொள்வது போல் இருக்கும். கடுக்காயில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நிறைய உள்ளது. டானின் புரதங்களைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. உமிழ்நீரின் வழவழப்புக்குக் காரணமான புரதங்களை அது பற்றியிழுத்துவிடுவதால் நாக்கு சொரசொரக்கிறது. ஆட்டுத்தோலிலும் மாட்டுத்தோலிலும் உள்ள கொல்லாஜன் என்னும் புரத இழைகளை இதே டானின் இறுகப் பிணைக்கும்போது, பச்சைத் தோல் அழுகாத பதத்தோலாக மாறுகிறது. புண்ணின் மேற்பரப்பில் அது ஒரு மெல்லிய போர்வையை உண்டாக்கிக் கசிவைக் குறைக்கிறது. வாய்ப்புண்ணுக்குக் கடுக்காய் நீர் கொப்பளிக்கச் சொன்ன பாட்டிக்கும், தோல் ஊறும் குழியில் கடுக்காய்த் தூளைக் கொட்டிய தொழிலாளிக்கும் துணை நின்ற வேதியியல் ஒன்றே.

ஆனால் இங்கேயே நாம் சற்று நிற்க வேண்டும். கடுக்காய் துவர்ப்பதை நாக்கால் அறியலாம். ஆவாரம்பூ நீரிழிவைக் கட்டுப்படுத்துமா என்பதை நாக்கால் அறிய முடியாது. அதற்கு நோயாளிகள் வேண்டும், மருத்துவர்கள் வேண்டும், ஆய்வுக்கூடம் வேண்டும், பணம் வேண்டும், பல ஆண்டுகள் வேண்டும். நம் நாட்டில் மருந்தெனச் சொல்லப்படும் செடிகளோ ஆயிரக்கணக்கில் உள்ளன. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆராய எந்த அரசாலும் இயலாது. எனவே எதை முதலில் ஆராய்வது என்ற கேள்வி எழுகிறது. ஆய்வு முன்னுரிமை என்று அறிஞர்கள் கூறுவது இதைத்தான். கேட்பதற்கு அலுவலகக் கோப்பு போலத் தோன்றும் இக்கேள்வியின் விடையில், கோடிக்கணக்கான ஏழை எளியவரின் உடல்நலம் அடங்கியுள்ளது.

நீரடிமுத்து கற்பித்த பாடம்

வேலூர் மண்ணிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தொழுநோய்க்கு நம் நாட்டு மருத்துவர் பன்னெடுங்காலமாகக் கையாண்ட மருந்துகளுள் ஒன்று நீரடிமுத்து எண்ணெய். அதன் இனத்தைச் சேர்ந்த சால்மூக்ரா எண்ணெயை 19ஆம் நூற்றாண்டில் மேனாட்டு மருத்துவரும் ஏற்றுக்கொண்டனர். வேறு மருந்து இல்லாத நிலையில், உலகெங்கும் தொழுநோயாளிகளுக்கு இந்த எண்ணெயை ஊசி வழியாகச் செலுத்தினார்கள். வலி மிகுந்த அந்தச் சிகிச்சை சிலருக்குப் பயன்பட்டது, பலருக்குப் பயன்படவில்லை.

1940களில் சல்போன் வகை மருந்துகள் வந்தன. செங்கற்பட்டிலும் வேலூரிலும் பணியாற்றிய ராபர்ட் காக்ரேன் போன்ற மருத்துவர்கள் அவற்றை நோயாளிகளிடம் கையாண்டு பார்த்தனர். பலன் தெளிவாகத் தெரிந்தது. நீரடிமுத்து ஓய்வு பெற்றது. 1955இல் வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. 1982இல் உலக சுகாதார நிறுவனம் டாப்சோன், ரிஃபாம்பிசின், கிளோஃபசிமின் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று தொழுநோய் முற்றிலும் குணமாகும் நோய்.

இதில் நாட்டு மருந்து தோற்றது என்று எண்ணி வருந்த வேண்டியதில்லை. வேறு வழியில்லாத காலத்தில் அது துணை நின்றது, மேலானது வந்ததும் வழிவிட்டது. பழைய மருந்து ஒன்றை ஆராயப் புகும்போது, அதை ஏற்கவும் கைவிடவும் நாம் சமமாக ஆயத்தமாயிருக்க வேண்டும். புகழ்வதற்காகவே செய்யப்படும் ஆய்வும், இகழ்வதற்காகவே செய்யப்படும் ஆய்வும் பயனற்றவை.

நாடு வகுத்த பட்டியல்

நாட்டு மருத்துவத்தை என்ன செய்வது என்ற கேள்வி நமக்குப் புதிதன்று. சென்னை மாகாண அரசு 1921இல் முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 1923இல் வெளிவந்தது. நாடு விடுதலை பெற்றபின் ராம்நாத் சோப்ரா தலைமையிலான குழு 1948இல் தன் அறிக்கையைத் தந்தது. இந்திய மருத்துவ முறைகளுக்கும் ஹோமியோபதிக்குமான மத்திய ஆய்வுக் குழு 1969இல் தோன்றியது. 1978இல் அது நான்காகப் பிரிந்தது. ஆயுர்வேதத்தோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்த சித்த மருத்துவத்துக்கு 2010இல்தான் தனி ஆய்வுக் குழு கிடைத்தது.

1980களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு புதிய வழியைக் கையாண்டது. மூலிகைகளை அகர வரிசையில் எடுத்துக்கொள்ளாமல் நோய்களிலிருந்து தொடங்கியது. எந்த நோய்க்கு நவீன மருத்துவத்தில் நிறைவான சிகிச்சை இல்லையோ, எந்த நோய்க்கு நாட்டு மருத்துவர் உறுதியாக மருந்து கூறுகிறார்களோ, அந்த நோய்களை முதலில் எடுத்துக்கொள்வது என முடிவு செய்தது. பவுத்திரம், நீரிழிவு, காமாலை, ஆஸ்துமா, சிறுநீரகக் கல், யானைக்கால் முதலியவை அப்பட்டியலில் இடம்பெற்றன. அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே காண்போம்.

முதலாவது பவுத்திரம். குதத்தின் அருகே புரையோடும் இந்நோயை அறுவை செய்தாலும் மீண்டும் வருவதுண்டு. ஆயுர்வேதத்தில் க்ஷாரசூத்திரம் என்றும் சித்த மருத்துவத்தில் காரநூல் என்றும் கூறப்படும் ஒரு முறை உள்ளது. நூலில் கள்ளிப்பாலும் நாயுருவி உப்பும் மஞ்சளும் மொத்தம் 21 முறை பூசிக் காயவைத்து, அதைப் புரைக்குள் கோத்துக் கட்டி, வாரந்தோறும் மாற்றுவார்கள். கழகம் பல மருத்துவமனைகளில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நூலும் மற்றதற்கு அறுவையும் செய்தது. முடிவு 1991இல் வெளியாயிற்று. அறுவை செய்தவர்களுக்குப் புண் ஆற ஏறத்தாழ 4 வாரம் ஆனது. நூல் கட்டியவர்களுக்கு 8 வாரம் ஆனது. ஆனால் ஓராண்டுக்குப்பின் பார்த்தபோது அறுவைப் பிரிவில் நூற்றுக்கு 11 பேருக்கு நோய் திரும்பியிருந்தது. நூல் பிரிவில் திரும்பியது நூற்றுக்கு 4 பேருக்கே. மெதுவாக ஆறும், ஆனால் திரும்புவது குறைவு. இப்படி ஒரு தெளிவான விடை கிடைத்தால், நோயாளி தனக்கு ஏற்றதைத் தானே தேர்ந்துகொள்ளலாம் அல்லவா?

இரண்டாவது நீரிழிவு. வேங்கை மரத்தின் வைரக்கட்டையைக் குடைந்து குவளை செய்து, அதில் ஊறிய நீரைக் குடிப்பது பழைய வழக்கம். வேங்கைச் சாற்றைப் புதிதாக நீரிழிவு கண்ட 97 பேருக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 1998இல் வெளிவந்தது. 12 வாரத்தில் 67 பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஆனால் இச்சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு பிரிவு இல்லை. நோய் இருப்பது தெரிந்த உடனே மனிதர் உணவைக் குறைக்கிறார், நடக்கத் தொடங்குகிறார். சர்க்கரை குறைந்ததில் மரத்தின் பங்கு எவ்வளவு, நடையின் பங்கு எவ்வளவு? இதை அறிய ஒப்பீட்டுச் சோதனை தேவை. ஆகவேதான் பின்னர் டால்புட்டமைடு என்னும் மாத்திரையோடு ஒப்பிட்டு மற்றொரு சோதனை நடத்தப்பட்டது.

மூன்றாவது காமாலை. கீழாநெல்லியைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. சென்னையில் எஸ். பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும், பி-வகை காமாலைக் கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாருக் புளூம்பர்க்கோடு சேர்ந்து இதை ஆராய்ந்தனர். 1988இல் லண்டனிலிருந்து வெளிவரும் லான்செட் இதழில் முடிவு வெளியாயிற்று. பி-வகைக் கிருமியை உடலில் நெடுநாள் தாங்கியிருந்தவர்களில் கீழாநெல்லி உண்ட 37 பேருள் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மாத்திரை உண்ட 23 பேருள் ஒருவரிடம் மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. தாய்லாந்து, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலும், நம் பம்பாயிலும் ஆய்வாளர்கள் இதைச் செய்து பார்த்தனர். அதே பலன் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பல சோதனைகளைத் திரட்டிப் பார்த்த பின்னாளைய மதிப்பீடுகளும், உறுதியான சான்று இல்லை என்றே கூறின.

முதல் ஆய்வு பொய் என்று இதற்குப் பொருளில்லை. செடியின் இனம், பறித்த பருவம், விளைந்த மண், நோயாளிகளின் நிலை இவற்றில் எது மாறினாலும் முடிவு மாறக்கூடும். ஒரு சோதனை கதவைத் தட்டுகிறது, அவ்வளவுதான். பல சோதனைகள் ஒத்துச் சொன்னால்தான் கதவு திறந்ததாகக் கொள்ளலாம். அசுத்த நீரால் பரவும் ஏ-வகைக் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே நீங்கிவிடுகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். தானே நீங்கும் நோய்க்கு எந்த மருந்து கொடுத்தாலும் பெயர் மருந்துக்கே போய்ச் சேரும்.

தொழிலாளியின் மூன்று கேள்விகள்

இப்போது பட்டியலைத் தில்லியிலிருந்து எழுதாமல் பாலாற்றங்கரையிலிருந்து எழுதிப் பார்ப்போம். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் உள்ள ஆயிரமாயிரம் தோல் தொழிலாளிகளுள் ஒருவரை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வயது 45. கைகளில் தீராத அரிப்பும் வெடிப்பும். இரத்தத்தில் சர்க்கரையும் உண்டு. அரசு மருத்துவமனை மாத்திரையை விழுங்குகிறார், வீட்டில் ஆவாரம்பூக் கஷாயமும் குடிக்கிறார். கைக்குச் சித்த மருத்துவரின் தைலமோ யுனானி ஹக்கீமின் களிம்போ தடவுகிறார். இந்த வட்டாரத்தில் யுனானிக்கும் நல்ல மதிப்பு உண்டு. நம் திரிபலாவே அங்கே இத்ரிபல் என்ற பெயரில் வழங்குகிறது. கடுக்காய்க்கு அவர்கள் இட்ட பெயர் ஹலேலா.

அவர் ஆய்வாளரிடம் கேட்கக்கூடிய கேள்விகள் மூன்று. இந்தக் கஷாயத்தையும் மாத்திரையையும் சேர்த்து உண்ணலாமா? இந்தக் களிம்பில் என்ன கலந்திருக்கிறது? என் கை ஏன் ஆறவில்லை?

முதல் கேள்வி மிக முக்கியமானது. மாத்திரையும் கஷாயமும் இரண்டுமே சர்க்கரையைக் குறைத்தால், அளவு மீறிக் குறைந்து மயக்கம் வரக்கூடும். காசநோய் மாத்திரை உண்பவர் கல்லீரலைத் தாக்கும் மூலிகையையும் சேர்த்து உண்டால் கேடு இரட்டிப்பாகும். நம் மக்கள் இரண்டு வைத்தியத்தையும் சேர்த்தே செய்துகொள்கிறார்கள். ஆய்வுகளோ பெரும்பாலும் ஒரு மருந்தைத் தனியாக வைத்தே சோதிக்கின்றன. மக்கள் உண்மையில் எப்படி உண்கிறார்களோ அப்படியே ஆராய்வது முதல் தேவை.

இரண்டாவது கேள்வி பாதுகாப்பு பற்றியது. மூலிகை என்றாலே தீங்கில்லை என்ற எண்ணம் தவறு. வேலூர்ப் பகுதிக் குன்றுகளில் வளரும் ஒடுவன் ஒரு பச்சிலைதான். ஆனால் சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும் கொடிய நஞ்சு அது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அந்நஞ்சை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். உலோகக் கலப்பு மற்றொரு கவலை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததை 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் முறைகளில் பற்பமும் செந்தூரமும் உலோகங்களிலிருந்தே செய்யப்படுகின்றன. முறைப்படிச் செய்ததற்கும் அரைகுறையாகச் செய்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் கடையில் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. எனவே பலனை ஆராயும் முன்பே கலப்பை ஆராய வேண்டும்.

மூன்றாவது கேள்விதான் ஆழமானது. கை ஏன் ஆறவில்லை? கடுக்காயும் ஆவாரம்பட்டையும் தோலைப் பதப்படுத்த வாரக்கணக்காகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் அறிமுகமான குரோமியப் பதனிடுமுறையோ அவ்வேலையை மிக விரைவில் முடித்துவிடுகிறது. பதனிடப் பயன்படும் குரோமிய உப்பு மூன்று இணைதிறன் கொண்டது. அது ஓரளவு சாதுவானது. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியமோ தோலை அரித்துப் புண்ணாக்கும், மூச்சோடு உள்ளே சென்றால் நுரையீரல் புற்றுநோயையும் உண்டாக்கும். குரோமியத்துக்கு ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் அரிப்பு திரும்பும். காலணிகளை ஒட்டும் சிலவகைப் பசைகளில் உள்ள ஒரு பீனால் சேர்மம் தோலின் நிறத்தையே வெளுக்கச் செய்யும். அதை வெண்குட்டம் என்று எண்ணி மருந்து தேடுவோர் உண்டு.

இத்தகையவருக்கு உலகின் மிகச் சிறந்த களிம்பைக் கொடுத்தாலும், மறுநாள் காலை கையுறையின்றி அதே தொட்டியில் கை வைத்தால் என்ன பயன்? இங்கே முதல் மருந்து நல்ல கையுறை. இரண்டாவது மருந்து காரணப் பொருளை மாற்றுவது. களிம்பு அதற்கு அடுத்தபடிதான். பாலாற்றுப் படுகையின் கழிவுநீர் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை நிலைநாட்டியது. நோய்க்கு மருந்து தேடும் ஆய்வு, நோயின் காரணத்தை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது.

பட்டியலில் சேராதவை

பட்டியல் போடுவோர் மறந்துவிடும் ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலூருக்கு வடகிழக்கே, ஆந்திர எல்லைக்கு அப்பால் இருக்கிறது புத்தூர். எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டு போட்டுக்கொள்வோர் தமிழ்நாடெங்கும் உள்ளனர். இது புட்டியில் அடைத்து விற்கும் மருந்தன்று, கைத்திறன். எந்த முறிவு இக்கட்டில் நன்றாகக் கூடுகிறது, எது கோணலாகிறது, கட்டு இறுகி இரத்த ஓட்டம் தடைப்படும் ஆபத்து எப்போது நேர்கிறது என்பனவற்றை ஆராய்ந்தால் பல கைகால்கள் காப்பாற்றப்படும். ஆனால் காப்புரிமை தரும் புது மருந்தைத் தேடும் ஆய்வுக்குக் கிடைக்கும் ஊக்கம் இத்தகைய ஆய்வுக்குக் கிடைப்பதில்லை.

மருந்து தேடும் ஆய்வும் தள்ளத்தக்கதன்று. ஹக்கீம் அஜ்மல் கான் ஊக்குவிக்க, சலீமுஸ்ஸமான் சித்திக்கி சர்ப்பகந்தி வேரிலிருந்து அஜ்மலின் முதலிய பொருள்களைப் பிரித்தெடுத்தார். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் அவ்வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை உலகுக்கு எடுத்துக்காட்டினார். சீனாவில் 1967இல் மலேரியாவுக்கு மருந்து தேடுவதே நாட்டின் தலையாய பணி என்று வகுத்துக்கொண்டு பல நூறு பேர் இறங்கினர். பழஞ்சுவடிகளைப் புரட்டிய டு யூயூ, மாசிப்பத்திரி இனத்துச் செடியொன்றிலிருந்து ஆர்ட்டிமிசினின் என்னும் மருந்தைக் கண்டார். அவருக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. குறி ஒன்றாக இருந்ததால் அம்பு தைத்தது.

தேர்ந்தெடுக்க ஐந்து கேள்விகள்

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால், எந்த ஆய்வுக்கு முதலிடம் என்பதை ஐந்து கேள்விகளால் முடிவு செய்யலாம்.

1. இந்நோயால் எத்தனை பேர், எவ்வளவு துன்பப்படுகிறார்கள்?

2. இப்போதுள்ள சிகிச்சை போதாததா? அல்லது ஏழைக்கு எட்டாததா?

3. மக்கள் இந்த நாட்டு மருந்தை ஏற்கெனவே பெருமளவில் பயன்படுத்துகிறார்களா? ஆமெனில் பலனுக்கு முன் பாதுகாப்பை ஆராய்க.

4. எதிர்பார்த்த விடை வராவிட்டாலும் அந்த விடை பயன்படுமா? பயன்படாத கேள்வியைக் கேட்க வேண்டாம்.

5. நோயைத் தடுக்க இதைவிட எளிய வழி கண்முன்னே இருக்கிறதா?

இவற்றோடு ஒரு நிபந்தனையும் வேண்டும். சோதனை தொடங்குமுன் அதைப் பதிவு செய்து, முடிவு எதுவாயினும் வெளியிட வேண்டும். இந்தியாவில் இதற்கான பதிவேடு 2007இல் தொடங்கியது. 2009 முதல் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. தோற்ற சோதனையை மறைத்தால் அடுத்த ஆய்வாளர் அதே குழியில் விழுவார். விழுபவரோடு நோயாளியும் விழுவார்.

இக்கேள்விகளுக்கு விடை கூறும் கூட்டத்தில் யார் யார் அமர வேண்டும்? விஞ்ஞானியும் மருத்துவரும் வைத்தியரும் ஹக்கீமும் அமரட்டும். கை வெடித்த தொழிலாளியும் அங்கே அமர வேண்டும். எது தன்னை வருத்துகிறது என்பதை அவரைவிட நன்கறிந்தவர் யார்?

வாசகர்களே, நீங்களும் இதில் பங்கு கொள்ளலாம். அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது நீங்கள் உண்ணும் கஷாயம், சூரணம், லேகியம் அனைத்தையும் மறைக்காமல் கூறுங்கள். வைத்தியரிடம் சென்றால் ஆங்கில மருந்துகளைக் கூறுங்கள். ஆயிரம் பேர் உண்மையைச் சொன்னால்தான், நாடு எதை ஆராய வேண்டும் என்பது நாட்டுக்கே தெரியவரும். கடுக்காய் துவர்ப்பதை நம் நாக்கு சொல்லிவிட்டது. மற்றவற்றை நாம்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.